விழப் பழக்கும் வேலை

பரதநாட்டியம் படிக்கும் பெண்ணுக்கு அடுத்து என்ன என்ற குழப்பம் வருவதில்லை. தட்டடவில் தொடங்கி அடவுகள் கைவந்தபின் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று தஞ்சை நால்வர் கட்டிக்கொடுத்த வரிசை இருக்கிறது. அது முடிந்தால் அரங்கேற்றம். அப்புறம் மார்கழியில் ஏதாவதொரு சபாவில் மதிய நேரம் கிடைக்கும். அதிர்ஷ்டமும் கொஞ்சம் பணமும் இருந்தால் சில வருடங்களில் மாலை நேரமும் வரலாம். நெரிசலான பாதைதான், ஆனாலும் பாதை என்று ஒன்று உண்டு. நவீன நடனத்துக்கு வந்தவர்களுக்கு அது இல்லை. அரங்கேற்றம் கிடையாது, வரிசை கிடையாது, எல்லோருக்கும் பொதுவான பாடத்திட்டமும் கிடையாது. "உங்க பொண்ணு இப்ப எந்த அளவுல இருக்கா?" என்று கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் என் அம்மா பேச்சை மாற்றிவிடுவார். பதில் தெரியாததுதான் காரணம், வெட்கம் ஒன்றுமில்லை.

நான் ஆடுகிறேன், ஆட்டம் அமைக்கிறேன், கற்றுக்கொடுக்கிறேன். பார்ப்பவர்கள் முதல் இரண்டையும் கலை என்றும் மூன்றாவதைப் பிழைப்பு என்றும் பிரித்துவிடுகிறார்கள். மேடை கிடைக்காதவர்தான் வகுப்பெடுக்கப் போவார் என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அமெரிக்க நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாம் 1926-இல் நியூயார்க்கில் தன் குழுவைத் தொடங்கியபோது அவர் கையில் முறை என்று எதுவும் தயாராக இல்லை. தன்னிடம் வந்த பெண்களை வைத்து, வகுப்பில் நாள்தோறும் தேடித் தேடித்தான் அடிவயிற்றைச் சுருக்கி மூச்சை வெளியே விடும் அந்த அசைவை அவர் உருவாக்கினார். இன்று உலகம் முழுக்க அவர் பெயரால் கற்பிக்கப்படும் பயிற்சி வகுப்பறையில் பிறந்தது. பிறகுதான் மேடைக்குப் போனது. என் அனுபவமும் அப்படியே. நான் அமைத்த ஆட்டங்களில் உயிருள்ள பகுதி எதுவோ, அது ஏதோ ஒரு மாணவியிடமோ மாணவனிடமோ இருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

திருச்சியில் ஒரு நல்ல டீச்சரிடம் பரதம் கற்றேன். தட்டுக்கழி சத்தம் இன்றும் என் முட்டியில் இருக்கிறது. கல்லூரிக்காகச் சென்னை வந்த காலத்தில், தோழி ஒருத்தி கூப்பிட்டாள் என்பதற்காக மட்டும் பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய ஸ்பேசஸ் வளாகத்துக்கு நடனக் கலைஞர் சந்திரலேகாவின் 'சரீரா' பார்க்கப் போனேன். 2001-இல் வந்த அந்தப் படைப்புதான் அவருடைய கடைசிப் படைப்பு. ஒரு பெண், களரி பயின்ற ஓர் ஆண், குந்தேச்சா சகோதரர்களின் துருபத் பாட்டு. அவ்வளவுதான் மேடையில். கதை இல்லை, நாயகி இல்லை, முகத்தில் பாவம் என்று நாங்கள் பழகிய எதுவும் இல்லை. தரையில் கிடந்த ஒரு கால் மெல்ல மேலெழுந்து விரிய எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் கற்ற அலாரிப்பு முழுவதும் முடிந்திருக்கும். பக்கத்தில் ஒருவர் எழுந்து போய்விட்டார். எனக்கோ மூச்சு விடவே பயமாக இருந்தது. அதுவரை உடம்பை நான் எதையோ சொல்வதற்கான கருவியாகத்தான் வைத்திருந்தேன். அது இருப்பதே போதும், அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று ஒருவர் துணிந்து காட்டியது என்னை விடவில்லை.

சந்திரலேகா வேறெங்கிருந்தோ வந்தவர் இல்லை என்பதை இளையவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் கற்றவர். நெடுங்காலம் மேடையை விட்டு விலகியிருந்து, 1984-இல் பம்பாயில் நடந்த கிழக்கு–மேற்கு நடனச் சந்திப்புக்காகத் திரும்பி வந்தார். அடுத்த வருடம் 'அங்கிகா'. அடவையும் களரிப்பயட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் அடியில் ஓடும் நரம்பு எது என்று கேட்ட படைப்பு அது. பாஸ்கராச்சாரியாரின் கணித நூலை வைத்து 1989-இல் 'லீலாவதி' செய்தார். "மேல்நாட்டு டான்ஸா?" என்று என்னிடம் யாராவது கேட்கும்போது நான் இந்தப் பெயர்களைத்தான் சொல்வேன். அதற்கும் முன்னால் நடனக் கலைஞர் உதய்சங்கர் தன் 'கல்பனா' படத்தை எடுத்தது இதே சென்னையில், ஜெமினி ஸ்டுடியோவில்; வெளிவந்தது 1948. இந்த ஊருக்கு நவீன நடனம் புதிதல்ல. ஊர்தான் அதை நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

பயிற்சிக்குப் பெங்களூர் போனேன். 1992-இல் தொடங்கப்பட்ட ஆட்டக்களரி நடன மையம் அப்போது ஊர் ஊராக இளைஞர்களை இழுத்துக்கொண்டிருந்தது. காலையில் களரி, பிறகு பாலே, பிறகு தரைப்பயிற்சி, மாலையில் நாமே அசைவு தேடும் நேரம். பரதத்தில் நான் நல்ல மாணவி என்று பெயரெடுத்தவள். அங்கே முதல் வாரமே என் உடம்பு எனக்கு அந்நியமாகிப்போனது. பரதத்தில் பாதம் தரையை அடிக்கும். தரைக்கும் நமக்கும் உள்ள உறவு முழுக்க உள்ளங்காலில்தான். இங்கே முதுகும் தோளும் இடுப்பும் விலாவும் தரையைத் தொட வேண்டும், அதன்மேல் உருள வேண்டும், அதிலிருந்து எழ வேண்டும். அரைமண்டியில் நெடுநேரம் நிற்கத் தெரிந்த எனக்கு, முட்டி மடிந்து நிமிரும் அந்த நொடியைத் தாவலுக்கான விசையாக மாற்றத் தெரியவில்லை. எனக்கு மடங்கிய முட்டி தங்கும் இடம், இங்கே அது கடந்துபோகும் இடம்.

விழுவது பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தொழிலின் மையம் அதுதான். டோரிஸ் ஹம்ப்ரி என்ற அமெரிக்க நடனக் கலைஞர் நேராக நிற்பதற்கும் விழுந்து கிடப்பதற்கும் நடுவில் உள்ள தடுமாற்றத்தில்தான் நடனம் இருக்கிறது என்று கண்டு, விழுவதும் மீள்வதுமாக ஒரு முறையையே அமைத்தார். அவருடைய மாணவர் ஹோசே லிமோன் அதை வளர்த்தார். பின்னால் 1972-இல் ஸ்டீவ் பாக்ஸ்டன், இரண்டு உடல்கள் ஒன்றன்மேல் ஒன்று எடையைக் கொடுத்து வாங்கி ஆடும் தொடுகை நடனத்தைத் தொடங்கிவைத்தார். இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது ஒன்று. புவியீர்ப்பை மறைக்கக் கூடாது என்பது. பாலே ஆடுபவர் எடையே இல்லாதவர்போலத் தோன்றப் பாடுபடுவார். நாங்கள் எடையை ஒளிக்காமல் ஆடுகிறோம்.

சொல்ல எளிது. செய்ய வைப்பதற்குத்தான் ஆசிரியர் வேண்டும். என் வகுப்புக்கு வரும் எவருக்கும் முதலில் செய்யச் சொல்வது மல்லாந்து படுப்பது. இன்னொருவர் தலைமாட்டில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் படுத்திருப்பவரின் தலையை ஏந்தித் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்க வேண்டும். மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோ. தூக்கினால் கனம் கையில் தெரிய வேண்டும். ஆனால் கிட்டத்தட்ட எல்லோருடைய தலையும் காற்றடைத்ததுபோல லேசாக வரும். ஏனென்றால் படுத்திருப்பவர் கழுத்தை இறுக்கித் தானே தூக்கிக்கொடுத்துவிடுவார், தனக்குத் தெரியாமலே. "விடு" என்று சொல்வதால் விட முடியாது. தலையை மெல்லப் பக்கவாட்டில் உருட்டி, காதுக்குப் பின்னால் விரல் வைத்து, அவர் மூச்சு இறங்கும் நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். ஏதோ ஒரு மூச்சில் கழுத்து சட்டென்று அவிழும். அப்போது முழுக் கனமும் கைக்கு வரும். ஏந்தியிருப்பவருக்கு அது நன்றாகத் தெரியும். படுத்திருப்பவர் முகம் மாறும்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு பையன் வந்தான். பிரேக்கிங் ஆடுபவன். ஒற்றைக் கையில் தலைகீழாக நின்று சுற்றுவான், என் வகுப்பில் அவ்வளவு பலம் யாருக்கும் இல்லை. ஆனால் தலையை மட்டும் விடமாட்டான். வாரக்கணக்கில் விடவில்லை. "அக்கா, விட்டா அடிபடும்கா" என்பான். சிமெண்டுத் தரையிலும் பிளாட்பாரத்திலும் அட்டையைப் போட்டுப் பழகிய பிள்ளை அவன், அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒருநாள் பயிற்சியெல்லாம் முடிந்து களைத்துப் படுத்திருந்தவனிடம் கேட்காமலே போய்த் தலையை ஏந்தினேன். முழுக் கனமும் வந்துவிட்டது. அன்றைக்குப் பிறகு அவன் ஆட்டமே வேறு. சுழற்சியெல்லாம் அப்படியே இருந்தது, ஆனால் சுழற்சிக்கும் சுழற்சிக்கும் இடையில் அவன் தரையோடு பேச ஆரம்பித்தான். இப்போது சினிமாவில் குழு நடனக் கலைஞனாக யூனியன் கார்டு வைத்திருக்கிறான், தினக்கூலிக்கு ஆடுகிறான், வீட்டை நிமிர்த்தியிருக்கிறான். சினிமாவுக்குப் போனவர்களைத் தாழ்த்திப் பேசும் பழக்கம் எங்கள் வட்டத்தில் சிலரிடம் உண்டு. எனக்கு அது பிடிக்காது. படப்பிடிப்பு இல்லாத நாட்களில் அவன் என் காலை வகுப்புக்கு வருகிறான், புதியவர்களின் தலையை ஏந்துகிறான்.

தரையில் இறங்குவதற்கு வழி இருக்கிறது. முட்டிச்சில்லு தரையில் முதலில் படக் கூடாது, மணிக்கட்டை ஊன்றக் கூடாது. கணுக்கால் மடிந்து, கெண்டைக்காலின் வெளிப்பக்கம், தொடையின் வெளிப்பக்கம், புட்டத்துச் சதை, விலா, தோள்பட்டை என்று வரிசையாகத் தரையிடம் ஒப்படைக்க வேண்டும். எலும்பு முனையில் தரை படாமல் சதையில் படவேண்டும், இறங்கும்போது மூச்சு வெளியே போக வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவர்தான் 'தொப்'பென்று விழுவார்.

வங்கி வேலையில் விருப்ப ஓய்வு வாங்கிய ஓர் அம்மா வகுப்பில் சேர்ந்தார். தரையில் உட்கார்ந்தே வெகுநாள் ஆகிறது என்றார்.

"கீழே விழாம பாத்துக்கோங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார். நீங்க விழச் சொல்றீங்களே டீச்சர்?"

"விழ வேண்டாம்மா. உட்காருங்க போதும். ஆனா உட்கார்ற வழியில எங்கயும் நிக்காதீங்க."

முதலில் நாற்காலியிலிருந்து ஒரு முக்காலிக்கு. முக்காலியிலிருந்து மடித்த மெத்தைக்கு. மெத்தையிலிருந்து தரைக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் கையை ஊன்ற ஓடும் அவர் வலது கை. அந்தக் கைக்கு வேறு வேலை கொடுத்தேன்: இறங்கும் நேரம் முழுக்க எதிர்ச்சுவரில் ஒரு வட்டம் வரைந்துகொண்டே இருக்க வேண்டும். வட்டத்தில் கவனம் போனதும் உடம்பு தன் வழியைக் கண்டுகொண்டது. அந்த வட்டத்தையும் அந்த இறக்கத்தையும் அப்படியே எடுத்துத்தான் என்னுடைய அடுத்த ஆட்டத்தின் தொடக்கத்தை அமைத்தேன். அவரையே ஆடவும் வைத்தேன். ஜெர்மானிய நடனக் கலைஞர் பினா பௌஷ் தன் 'கோன்டாக்ட்ஹோஃப்' படைப்பை 2000-இல் 65 வயதைக் கடந்தவர்களை வைத்து மறுபடி மேடையேற்றினார் என்று படித்தபோது அதை ஒரு துணிச்சலான பரிசோதனை என்றுதான் எண்ணியிருந்தேன். இந்த அம்மா மேடையில் இறங்கி உட்கார்ந்ததைப் பார்த்தபிறகு, இளையவர்களால் அதைச் செய்யவே முடியாது என்று தெரிந்தது. இறங்குவது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு ஒவ்வோர் அங்குலமும் ஒரு முடிவு. பார்வையாளர்கள் அதைத்தான் பார்த்தார்கள்.

தரையில் உருளும் தொழிலுக்கு நல்ல தரை வேண்டும். இதைப் பற்றி நம் ஊர் நடன உலகம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் பெரிய மனக்குறை. மொசைக், டைல்ஸ், மார்பிள், கான்கிரீட்டின்மேல் விரித்த கம்பளம், இவற்றில்தான் இங்கே பெரும்பாலான பிள்ளைகள் குதிக்கிறார்கள், தட்டுகிறார்கள். தாவி இறங்கும்போது உடல் எடையின் பல மடங்கு விசை காலுக்கு வருகிறது. தரை அதில் கொஞ்சமாவது வாங்கிக்கொள்ளாவிட்டால் கெண்டைக்கால் எலும்பும் முட்டியும் முதுகும்தான் வாங்க வேண்டும். முப்பது வயதில் முட்டி போன பரதக் கலைஞர்களை எனக்குத் தெரியும். அவர்கள் அதை விதி என்று எடுத்துக்கொண்டார்கள். அதில் பாதி தரை செய்த வேலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மொட்டைமாடியில் ஷீட் கூரை போட்ட கொட்டகை ஒன்று வாடகைக்குக் கிடைத்தபோது, முதல் செலவாகத் தரைக்குத்தான் பணம் போட்டேன். கண்ணாடி, ஏசி எல்லாம் பின்னால். ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டு விளக்கினேன். கீழே ரப்பர் துண்டுகள், அதன்மேல் ரீப்பர் கட்டைகள், குறுக்கே இன்னொரு அடுக்கு ரீப்பர், அதன்மேல் 12 மில்லி பிளைவுட் இரண்டு அடுக்கு, மேல் அடுக்கின் இணைப்பு கீழ் அடுக்கின் இணைப்புமேல் வராதபடி. சுவரோரம் அரை அங்குலம் இடைவெளி, மழைக்காலத்தில் மரம் ஊதினால் போக இடம் வேண்டுமே. எல்லாவற்றுக்கும் மேலே வினைல் விரிப்பு. அவர் வெகுநேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"தரை ஆடக் கூடாதுன்னுதாம்மா இதுவரைக்கும் எல்லாரும் கேட்டிருக்காங்க. நீங்க ஆடணும்ங்கறீங்க."

"எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி ஆடணும்ணே. ஒரு இடத்துல கல்லு மாதிரியும் இன்னொரு இடத்துல மெத்தை மாதிரியும் இருந்தா காலு போயிடும்."

அதைப் புரிந்துகொண்ட பிறகு அவர் செய்த வேலை நான் கேட்டதைவிட அதிகம். பிளைவுட் அறைந்து முடித்த அன்று, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு மூலையிலிருந்து வரிசை வரிசையாகக் குதிகாலால் தட்டிக்கொண்டே வந்தார். சத்தம் மாறும் இடத்திலெல்லாம் பென்சிலால் குறி போட்டார். ரீப்பர் சரியாகப் படியாத இடங்கள் அவை. மறுநாள் பலகையைத் திரும்பக் கழற்றி அந்த இடங்களில் மட்டும் சிறு பட்டைகளைச் செருகினார். மாணவர்கள் முதல்முறை அந்தத் தரையில் தாவி இறங்கியபோது சத்தமே வேறாக இருந்தது. அறைந்த மாதிரி இல்லாமல் அமுங்கி வந்தது.

ஆடுபவளாக என் வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓர் ஆட்டத்துக்கு மாதக்கணக்கில் ஒத்திகை பார்ப்போம், சென்னையில் ஓரிரு மாலைகள் ஆடுவோம், பிறகு பெங்களூரிலோ டெல்லியிலோ கொச்சியிலோ அழைத்தால் போவோம். மாக்ஸ் முல்லர் பவனும் அலியான்ஸ் ஃப்ரான்சேஸும் இல்லையென்றால் எங்களில் பலருக்கு மேடையே இருந்திருக்காது. 1998-இல் அனிதா ரத்னமும் ரன்வீர் ஷாவும் தொடங்கிய 'தி அதர் ஃபெஸ்டிவல்' டிசம்பர் சீசனுக்கு முன்பாகவே நவீனப் படைப்புகளுக்கு ஓர் இடத்தைக் கொடுத்துவந்தது. அது நின்றுபோனது இன்னும் உறுத்துகிறது. சந்திரலேகாவிடம் ஆடிய பத்மினி செட்டூர் இந்த ஊரிலேயே இருந்துகொண்டு, யாருக்காகவும் வேகம் கூட்டாமல், 'பேப்பர்டால்', 'வால் டான்சிங்' என்று தன் வழியில் போனார். ப்ரீத்தி ஆத்ரேயா பத்துப் பேரைத் திரும்பத் திரும்பக் குதிக்க வைத்தே ஒரு முழுப் படைப்பை அமைத்தார். இப்படிப் பிடிவாதமாக நின்றவர்கள் சிலர் இருந்ததால்தான் எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு "இப்படியும் ஒருவர் வாழலாம்" என்ற எண்ணமே வந்தது.

மேடை வெளிச்சம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சபா மேடைகளில் விளக்குகள் முன்னாலிருந்தும் மேலிருந்தும் வரும், அபிநயத்துக்கு முகம் தெரிய வேண்டும் என்பதால். எங்களுக்குப் பக்கவாட்டு விளக்கு வேண்டும், அதுவும் முழங்கால் உயரத்திலிருந்து. அப்போதுதான் முதுகெலும்பு ஓரமும் விலாவின் மடிப்பும் நிழலோடு தெரியும். சந்திரலேகாவின் படைப்புகளுக்கு சதானந்த் மேனன் அமைத்த ஒளியைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஓர் அரங்கில் "பக்கத்துல லைட் வச்சா மூஞ்சி பாதி இருட்டா இருக்குமே மேடம்" என்று லைட்டு அண்ணன் வருத்தப்பட்டார். ஒத்திகையில் அவரையே பார்வையாளர் இருக்கையில் உட்காரவைத்து ஆடிக் காட்டினேன். எழுந்து போனவர் எனக்குச் சொல்லாமலே இன்னும் இரண்டு விளக்குகளைக் கீழே இறக்கிவைத்தார்.

சம்பாத்தியத்தின் பெரும்பகுதி பள்ளி, கல்லூரிகளிலிருந்து வந்தது. ஒரு பள்ளியில் 'வெஸ்டர்ன் டான்ஸ்' ஆசிரியர் என்று எடுத்தார்கள். ஆண்டுவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கையில் மூன்று வகுப்புப் பிள்ளைகளை மொத்தமாக ஒப்படைத்து, நான்கு சினிமாப் பாட்டைக் கோத்து ஆட வைக்கச் சொன்னார்கள். பணம் அடுத்த கல்வியாண்டில்தான் வந்தது. அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் குறையே இல்லை, அவர்களோடு இருந்த நேரம் நல்ல நேரம். ஆனால் குழந்தைகளை வரிசையில் நிறுத்தி ஒரே மாதிரி கை தூக்க வைப்பதை நடனக் கல்வி என்று அழைப்பதை ஏற்க முடியவில்லை. அந்த வயதில் ஒரு குழந்தைக்கு "உன் முதுகால் உன் பெயரை எழுது" என்று சொல்லிப் பாருங்கள். என்னவெல்லாம் வரும்!

மயிலாப்பூரில் காது கேளாதோருக்கான கிளார்க் பள்ளியின் மாணவிகளோடு நடனக் கலைஞர் அஸ்தாத் தேபூ பல வருடம் வேலை செய்தார். இசை கேட்காதவர்கள் எப்படி ஒரே காலத்தில் திரும்புகிறார்கள் என்பது அந்த ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்குப் பெரிய வியப்பு. கடைக்கண்ணால் பக்கத்திலிருப்பவரின் மூச்சைப் பார்ப்பது, எண்ணிக்கையை உடம்பிலேயே வைத்துக்கொள்வது, இதெல்லாம் காது கேட்பவர்களுக்கும் கற்பிக்க வேண்டியவை. இதை உணர்ந்தபிறகு என் வகுப்புகளில் பாட்டை நிறுத்திவிட்டு ஆட வைக்கும் நேரத்தை அதிகமாக்கினேன். பெற்றோர் சிலர் "பாட்டே போடலையாமே?" என்று கேட்டார்கள். ஒரு வகுப்பு வந்து உட்கார்ந்து பாருங்கள் என்றேன். வந்தவர்கள் பிறகு கேட்கவில்லை.

2020-இல் ஊரடங்கு வந்தபோது எல்லோரையும் போல நானும் போன் திரைக்கு எதிரே வகுப்பெடுத்தேன். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஆடினார்கள் பிள்ளைகள். பாதம் தெரிந்தால் தலை தெரியாது, தலை தெரிந்தால் பாதம் தெரியாது. தலையை ஏந்தும் பயிற்சிக்கு அம்மாவையோ தம்பியையோ உட்காரவைத்தோம். தம்பிகள் தலையை டொக்கென்று கீழே போட்டார்கள். ஓர் அப்பா மட்டும், மகள் தலையைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பு முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் இளையவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் பணத்தைப் பற்றி. மறைக்காமல் சொல்கிறேன். ஆடுவதை மட்டும் வைத்து இந்த ஊரில் வாழ முடியாது. வாரத்தில் சில நாள் கற்பித்தல், அவ்வப்போது கல்லூரி விழா, நாடகக் குழுக்களுக்கு அசைவுப் பயிற்சி, எப்போதாவது இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் போன்ற இடத்திலிருந்து நல்கை, இவை எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு வருமானம். யாருடைய குழுவில் சேர்ந்தாலும் ஒத்திகை நாளுக்கும் கூலி கேளுங்கள் என்பது என் கண்டிப்பான சொல். நிகழ்ச்சிக்கு மட்டும் பணம் என்றால் மாதக்கணக்கில் நாம் செய்யும் வேலை கணக்கிலேயே வராது. நான் ஆட்டம் அமைக்கும்போது ஒத்திகைக்குப் பணம் திரட்ட முடியவில்லை என்றால் ஆட்களைக் குறைத்துக்கொள்வேன், கூலியைக் குறைக்கமாட்டேன். பயிற்சி எங்கே பெறுவது என்று கேட்டால், வெளிநாட்டுக்குப் போக வாய்ப்பிருந்தால் போங்கள், ஆனால் அதற்குமுன் உங்கள் உடம்பில் ஏற்கெனவே இருக்கும் பரதத்தையோ சிலம்பத்தையோ பறையாட்டத்தையோ விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்பேன். அதை வெறும் சரக்காக எடுத்துப்போய்க் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கேள்வி கேட்க உங்களுக்கென்று ஓர் உடம்பு வேண்டும், அதற்காகத்தான்.

அரசிடமும் மாநகராட்சியிடமும் நான் கேட்க விரும்புவது ஒன்று உண்டு. இவ்வளவு சபாக்கள் உள்ள இந்தச் சென்னையில், மணிக்கணக்கில் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும், விசை தாங்கும் மரத்தரை போட்ட பொதுப் பயிற்சிக்கூடம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. இசை கற்பவருக்கு ஒரு பாய் போதும். எங்களுக்கு முப்பதடிக்கு முப்பதடி நல்ல தரை வேண்டும், அதைத் தனியாள் ஒவ்வொருவராகக் கட்டிக்கொள்ள முடியாது. மாநகராட்சியின் சமுதாயக் கூடங்கள் முகூர்த்தமில்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. வடசென்னையில் ஒன்று, தென்சென்னையில் ஒன்று என்று இரண்டே இரண்டு கூடங்களில் இப்படித் தரை அமைத்து, காலை ஆறிலிருந்து பத்துவரை நடனக் கலைஞர்களுக்குத் திறந்துவிட்டால் போதும். பரதம் ஆடுகிறவர், பறையாடுகிறவர், பிரேக்கிங் ஆடும் பையன்கள், நாங்கள், எல்லோரும் ஒரே தரையில் பழகலாம். மதியம் அதையே முதியோர் தடுமாறாமல் நடக்கவும் உட்காரவும் பழகும் வகுப்புக்குக் கொடுக்கலாம். வரைபடமும் செலவுக் கணக்கும் என்னிடம் இருக்கின்றன. அந்த ஆசாரியும் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறார்.